பள்ளி, மருத்துவமனை, கோயில்: கலிபோர்னியாச் சட்டம் குடிவரவு அதிகாரிகளை எந்த வாசலில் நிறுத்துகிறது?

வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி ஒன்றைக் குறிப்பிட்டு, "கலிபோர்னியாவில் சட்டம் வந்துவிட்டதாமே, இனிமேல் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கோயில் இவற்றுக்குள் குடிவரவு அதிகாரிகள் வர முடியாதாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை முழுவதும் படித்தபோது உங்கள் கவலை வேறு என்பது புரிந்தது. எச்-1பி விசாவில் இருந்த உங்கள் தம்பிக்கு வேலை போய், அதன்பின் தங்குவதற்குக் கிடைக்கும் அறுபது நாள் அவகாசமும் கடந்துவிட்டது. அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். மகள் முதல் வகுப்பில் படிக்கிறாள். அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் வளைகாப்பு வைத்திருக்கிறீர்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, பரிசோதனைக்குப் போகலாமா, வளைகாப்பை நடத்தலாமா என்பதே உண்மையில் நீங்கள் கேட்பது. மூன்றுக்கும் என் பதில் ஆம். ஆனால் அந்தச் செய்தியை நம்பிக்கொண்டு அப்படிச் செய்ய வேண்டாம். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி தெரியாமல் போனால் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சி ஒதுங்குவீர்கள், கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுவீர்கள்.

நான் இந்த மாநிலத்தில் பதினேழு ஆண்டுகளாகக் குடிவரவுச் சட்டத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். 2025 தொடக்கத்திலிருந்து பள்ளி அலுவலக ஊழியர்களுக்கும் சிறிய மருத்துவமனைகளின் வரவேற்புப் பணியாளர்களுக்கும் சில கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் இதே பொருளில் வகுப்பு எடுத்து வருகிறேன். அங்கு முதலில் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: மாநிலச் சட்டம் கட்டிப்போடுவது அதிகாரியை அல்ல, கதவைத் திறந்துவிடும் நிலையில் உள்ள ஊழியரை. இது விளங்கிவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் இந்தச் சட்டங்களுக்கு ஏன் தேவை வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் ஆகிய இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக ஃபெடரல் அரசே (அமெரிக்க மத்திய அரசே) தனக்குத் தானே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுதான். எல்லாரும் 'ஐஸ்' என்று சொல்லும் குடிவரவு, சுங்க அமலாக்கத் துறையின் இயக்குநராக இருந்த ஜான் மார்ட்டன் 2011 அக்டோபரில் இதற்கென ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். 2021 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் மயோர்காஸ் அதை விரிவாக்கி, குழந்தைகள் விளையாடும் இடம், பேரிடர் முகாம், இறுதிச் சடங்கு நடக்கும் இடம் வரை சேர்த்தார். 2025 ஜனவரி 20 அன்று புதிய அரசு பதவியேற்ற நாளிலேயே அந்தச் சுற்றறிக்கை நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆணை, எங்கு போகலாம் எங்கு போகக்கூடாது என்பதை அதிகாரிகளின் பகுத்தறிவுக்கே விட்டுவிட்டது.

சுற்றறிக்கை நீக்கப்பட்டது என்றதும் ஏதோ சட்டமே போய்விட்டதாகப் பலர் நினைத்தார்கள். அது எந்நாளும் சட்டமாக இருந்ததில்லை. 2017 அக்டோபரில் டெக்சஸில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை, மூளைவாதத்தால் பாதிக்கப்பட்டவளை, பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக ஆம்புலன்ஸில் லரேடோவிலிருந்து கார்பஸ் கிறிஸ்டிக்குக் கொண்டு போனார்கள். வழியில் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திய எல்லைக் காவல் படையினர், பின்தொடர்ந்து மருத்துவமனைக்கே வந்து, அறைக்கு வெளியில் காத்திருந்து, சிகிச்சை முடிந்து வெளியேறியபோது அவளைத் தடுப்புக் காவலில் எடுத்தார்கள். இதே வகைச் சுற்றறிக்கை நடப்பில் இருந்த காலத்தில் நடந்தது இது. ஒரு துறையின் மேலதிகாரி எழுதியதை அடுத்த மேலதிகாரி அழித்துவிடலாம், அது நடப்பில் இருக்கும்போதும் அதை மீறியதற்காகக் குடிமகன் ஒருவர் எளிதில் வழக்குப் போட்டுவிட முடியாது. மாநிலங்கள் சட்டம் இயற்றத் துணிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் மாநிலத்தால் எவ்வளவு தூரம் போக முடியும்? இதில் ஐயத்துக்கு இடமில்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஃபெடரல் அதிகாரி தன் கடமையைச் செய்வதை மாநிலச் சட்டம் குற்றமாக்கித் தடுக்க முடியாது. மாநிலச் சட்டத்துக்கு மேலானது ஃபெடரல் சட்டமே என்னும் அரசியலமைப்பின் மேலாண்மை விதியும், 1890ஆம் ஆண்டின் நீகிள் வழக்கிலிருந்து வரும் தீர்ப்புகளும் அவருக்குப் பாதுகாப்புத் தருகின்றன. மற்றொன்று, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்: ஃபெடரல் அரசு தன் வேலைக்கு மாநிலத்தின் ஊழியர்களைக் கட்டாயப்படுத்திப் பயன்படுத்த முடியாது. துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃப்கள்தான் சரிபார்க்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொன்னபோது, மொன்டானாவின் பிரின்ட்ஸ் என்ற ஷெரிஃப் வழக்குத் தொடுத்தார். 1997இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் வென்ற அந்தத் தீர்ப்பின் மேல்தான் இன்று குடியேறியவர்களைக் காக்கும் மாநிலச் சட்டங்கள் நிற்கின்றன. உள்ளூர்க் காவல் துறையைக் குடிவரவு அமலாக்கத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1987இல் ஒரேகன் முதன்முதலாக இயற்றியது. கலிபோர்னியா 2017இல் அதே வகையில் எஸ்பி 54 சட்டத்தைக் கொண்டுவந்தது (எஸ்பி, ஏபி என்பவை மாநிலத்தின் இரு அவைகளில் எழும் மசோதாக்களின் எண்கள்). ஃபெடரல் அரசு தொடுத்த வழக்கில் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் அதை நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

நீங்கள் கேள்விப்பட்ட புதிய சட்டங்கள் 2025 செப்டம்பர் 20 அன்று ஆளுநர் நியூசம் லாஸ் ஏஞ்சலஸில் கையெழுத்திட்ட தொகுப்பைச் சேர்ந்தவை. அதில் நமக்கு வேண்டியவை மூன்று. ஏபி 49 பள்ளிகளுக்கானது: நீதிமன்ற ஆணையோ நீதிபதி கையெழுத்திட்ட பிடியாணையோ இல்லாமல், பள்ளியில் பொதுமக்களுக்குத் திறந்திராத பகுதிகளுக்குள் குடிவரவு அதிகாரியை ஊழியர்கள் அனுமதிக்கக் கூடாது, மாணவர் பற்றிய விவரங்களையும் தரக் கூடாது. எஸ்பி 98, பள்ளி வளாகத்தில் குடிவரவு நடவடிக்கை நடப்பது உறுதியானால் பெற்றோருக்கும் ஊழியர்களுக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. எஸ்பி 81 மருத்துவமனைகளுக்கானது: நோயாளியின் குடிவரவு நிலையையும் பிறந்த இடத்தையும் மருத்துவ விவரமாகக் கருதிக் காக்கவும், பொதுப் பகுதி எது, உட்பகுதி எது என்று பிரித்து, உட்பகுதிக்கு நீதிபதியின் ஆணை இல்லாமல் அனுமதி தராமல் இருக்கவும் சொல்கிறது. மூன்றிலும் ஆணை இடப்படுவது பள்ளி முதல்வருக்கும் செவிலியருக்கும் அலுவலக ஊழியருக்கும்தான் என்பதைக் கவனியுங்கள்.

இதில் 'பொதுப் பகுதி', 'நீதிபதியின் கையெழுத்து' என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தின் முன்கூடம், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம், வாகன நிறுத்தம் இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் வந்து போகும் இடங்கள். அதிகாரியும் வரலாம், மாநிலச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. வகுப்பறை, பரிசோதனை அறை, பிரசவ அறை, பதிவேடுகள் உள்ள அறை இவை உட்பகுதி. அரசியலமைப்பின் நான்காவது திருத்தப்படி, இத்தகைய இடத்துக்குள் நுழைய வேண்டுமானால் பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும், அல்லது அங்கே பொறுப்பில் உள்ளவரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைத் தராதே என்றுதான் மாநிலச் சட்டம் தன் ஊழியருக்குச் சொல்கிறது. பயத்தில், மரியாதையில், என்ன சொல்வதென்று தெரியாமல், "வாருங்கள் சார்" என்று கதவைத் திறந்துவிடுவதுதான் நடைமுறையில் நடப்பது. அந்த ஒரு கணத்துக்காக எழுதப்பட்ட சட்டங்கள் இவை.

வகுப்பில் நான் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைப்பேன். ஒன்று ஐ-200 என்ற படிவம். தலைப்பில் 'வாரன்ட்' என்ற சொல் பெரிதாக இருக்கும், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருக்கும், பெயரும் தேதியும் நிரப்பியிருக்கும். பார்த்தவுடன் யாருக்கும் கை நடுங்கும். ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மையார் ஒருவர் அதைக் கையில் எடுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீழே கையெழுத்துக்கான கோட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தார். "அதிகாரம் பெற்ற குடிவரவு அலுவலர்" என்று இருந்தது. "இவர் நீதிபதி இல்லையே?" என்றார். இல்லை. இந்தப் படிவத்தையும், நாடுகடத்தல் ஆணைக்கான ஐ-205 படிவத்தையும் துறையே தன் அலுவலருக்கு எழுதிக்கொடுக்கிறது. ஒருவரைக் கைது செய்ய அது போதும், ஆனால் பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. மற்றொரு காகிதத்தின் தலைப்பில் மாவட்ட நீதிமன்றத்தின் பெயரும், கீழே நீதிபதியின் கையெழுத்தும் இருக்கும். அதைக் காட்டினால் வழிவிட வேண்டும். அப்போதும் எந்த இடத்துக்கு, யாருக்கு, எந்தத் தேதிவரை என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான். அந்த அம்மையார் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகலெடுத்து, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டார்.

பள்ளியைப் பொறுத்தவரை நான் மிகவும் உறுதியாகச் சொல்ல முடியும். 1975இல் டெக்சஸ் மாநிலம், ஆவணமற்ற குழந்தைகளின் படிப்புக்கு நிதி தர மறுத்துச் சட்டம் செய்தது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் அந்தக் குழந்தைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பெற்றோரின் நிலைக்காகக் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே உங்கள் தம்பி மகளின் பள்ளி உரிமை மாநிலச் சட்டத்தால் வந்ததும் அல்ல, விசா முடிந்ததால் போவதும் அல்ல. பள்ளியில் விசா நிலையைக் கேட்க மாட்டார்கள். கேட்காததால் பதிவேட்டிலும் இருக்காது. பதிவேட்டில் இல்லாததை யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. நீங்களாகப் போய், வகுப்பாசிரியரிடம் நல்லெண்ணத்தில்கூட, இதைச் சொல்லி வைக்க வேண்டாம்.

2025 ஏப்ரலில், ஏபி 49 வருவதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் வந்து, குறிப்பிட்ட சில மாணவர்களைப் பார்க்க வேண்டும் என்றார்கள்; ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புவரை உள்ள குழந்தைகள். பாதுகாவலர்களின் அனுமதி இருக்கிறது என்று அவர்கள் சொன்னதாகவும், அப்படி அனுமதி எதுவும் தரவில்லை என்று பாதுகாவலர்கள் கூறியதாகவும் பள்ளி நிர்வாகம் அறிவித்தது. குழந்தைகளின் நலனை விசாரிக்கவே வந்தோம் என்று துறை விளக்கம் சொன்னது. இரண்டு பள்ளிகளிலும் முதல்வர்கள் அனுமதி மறுத்தார்கள், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கதவருகே நிற்பவர் தன் உரிமையைத் தெரிந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே நகரத்தில் 2017 பிப்ரவரியில் ஒரு தந்தை, ஒரு மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு இன்னொரு மகளை ஏற்றிக்கொண்டு போகும் வழியில், பள்ளிக்குச் சில தெருக்கள் தள்ளிக் கைது செய்யப்பட்டார். பதின்மூன்று வயது மகள் பின்னிருக்கையிலிருந்து அழுதபடியே அதைப் படம் எடுத்தாள். அங்கே எந்த மாநிலச் சட்டமும் உதவியிருக்காது, ஏனென்றால் அது தெரு. குழந்தையைக் கொண்டுவிடும் வேலையை அமெரிக்கக் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள உறவினர் யாராவது சில மாதங்களுக்கு எடுத்துக்கொள்ள முடியுமானால் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அவசரத் தொடர்பு அட்டையில் அந்த உறவினரின் பெயரையும், குழந்தையை அழைத்துப் போக அனுமதி பெற்றவர் என்ற குறிப்போடு, இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

மருத்துவமனை கொஞ்சம் சிக்கலானது, அதனால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருபவரை, பிரசவ வலியோடு வருபவரையும் சேர்த்து, அவருடைய நிலையையோ பணத்தையோ பார்க்காமல் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம். இது எல்லா மாநிலங்களிலும் பொருந்தும், இதில் ஐயம் இல்லை. பிரசவ அறை உட்பகுதி என்பதிலும் ஐயம் இல்லை. ஐயம் எழுவது தனியார் மருத்துவமனைகளைப் பற்றி. அரசு மருத்துவமனை மாநிலத்தின் உறுப்பு. அதன் ஊழியருக்கு மாநிலம் ஆணையிடலாம் என்பது பிரின்ட்ஸ் தீர்ப்பிலிருந்தே வருகிறது. ஆனால் தனியார் ஒருவர் தாமாக விரும்பி அதிகாரியை உள்ளே விட நினைத்தால், அதை மாநிலம் தடுக்கலாமா? 2017இல் கலிபோர்னியா இயற்றிய ஏபி 450 சட்டம், தனியார் முதலாளிகள் தங்கள் பணியிடத்தின் உட்பகுதிக்குக் குடிவரவு அதிகாரியைச் சம்மதித்து அனுமதிக்கக் கூடாது என்று சொன்னது. 2018இல் சாக்ரமென்டோவில் நீதிபதி மெண்டெஸ், ஃபெடரல் அரசோடு ஒத்துழைப்பவரை மட்டும் தண்டிப்பதாக உள்ளது என்று அந்தப் பகுதிக்குத் தடை விதித்தார். எஸ்பி 81 அந்த அனுபவத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. "ஃபெடரல் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு" என்ற சொற்கள் அதில் இருப்பது தற்செயல் அல்ல என்பது என் கணிப்பு. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் கடமை மருத்துவமனைக்கு ஏற்கெனவே இருப்பதால் இந்தச் சட்டம் நிற்கும் என்றே நான் நினைக்கிறேன், ஆனாலும் இது என் கருத்து, தீர்ப்பு அல்ல.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை. கதவைக் காக்கும் சட்டம் தரவைக் காப்பதில்லை. வேலை போனதும் காப்பீடும் போயிருக்கும். உங்கள் தம்பி மனைவி கர்ப்பகாலத்துக்காக, மாநில அரசின் மருத்துவக் காப்பீடான மெடி-கால் திட்டத்தில் சேர நினைக்கலாம். 2025 ஜூனில் ஃபெடரல் சுகாதாரத் துறை, கலிபோர்னியா உட்படச் சில மாநிலங்களின் மெடிகெய்ட் (மெடி-காலும் இதில் அடங்கும்) பயனாளிகள் விவரங்களைக் குடிவரவுத் துறையிடம் ஒப்படைத்தது. மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஆகஸ்டில் தடை விதித்தார். ஆனால் டிசம்பர் இறுதியில் முகவரி, குடிவரவு நிலை போன்ற அடிப்படை விவரங்களைப் பகிர அனுமதித்துவிட்டார். இதைச் சொல்வது சிகிச்சையைத் தவிர்க்கச் செய்வதற்காக அல்ல. உங்கள் தம்பி குடும்பம் முறைப்படி விசாவில் வந்தவர்கள். அவர்களுடைய முகவரியும் பயண விவரமும் ஏற்கெனவே அந்தத் துறையின் கோப்பில் இருக்கின்றன. புதிதாக எதுவும் பெரிதாக வெளிப்படப் போவதில்லை. ஏழாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனையையும் இரத்த அழுத்தத்தையும் தள்ளிப்போடுவதால் வரும் ஆபத்து கண்முன்னால் இருப்பது. அந்தப் பெண் ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடக் கூடாது.

இனிக் கோயில். பள்ளிக்கு ஏபி 49, மருத்துவமனைக்கு எஸ்பி 81 என்பது போல, கோயில் கதவைப் பற்றி ஆணையிடும் சட்டம் அந்த 2025 தொகுப்பில் இல்லை. கோயில், தேவாலயம், மசூதி எல்லாமே தனியார் அமைப்புகள். யாரை உள்ளே விடலாம் என்று மாநிலம் அவற்றுக்குச் சொல்லப் புகுந்தால் மத சுதந்திரக் கேள்வியும் கூடவே வரும். ஆகவே வழிபாட்டுத் தலங்களின் போராட்டம் ஃபெடரல் நீதிமன்றங்களில்தான் நடந்தது. 2025 பிப்ரவரியில் மேரிலாந்தில் நீதிபதி சுவாங், வழக்குத் தொடுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைகள், ஒரு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, சாக்ரமென்டோவின் சீக்கியக் குருத்வாரா ஆகியவற்றுக்கு மட்டும் இடைக்காலப் பாதுகாப்பு தந்தார். ஏப்ரலில் வாஷிங்டனில் நீதிபதி ஃப்ரீட்ரிக், இருபதுக்கும் மேற்பட்ட கிறிஸ்தவ, யூத அமைப்புகள் சேர்ந்து தொடுத்த வழக்கில் அதே பாதுகாப்பைத் தர மறுத்தார். இரண்டு நீதிபதிகள், ஒரே கேள்வி, இரண்டு விடைகள். வழக்கில் பெயர் இல்லாத உங்கள் கோயிலுக்கு முதல் தீர்ப்பால் நேரடிப் பயன் இல்லை. அவ்வாண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே டவுனி என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் வாகன நிறுத்தத்திலேயே ஒருவரைப் பிடித்துப் போனார்கள். அடுத்த மாதம் சான் பெர்னார்டினோ கத்தோலிக்க ஆயர், அச்சத்தில் இருப்பவர்கள் ஞாயிறு பூசைக்கு வர வேண்டிய கடமையிலிருந்து விலக்குப் பெறலாம் என்று அறிவித்தார். ஓர் ஆயர் அப்படி எழுத நேர்ந்ததைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அதற்காகக் கோயில் கைகட்டி நிற்க வேண்டும் என்பதில்லை. தனியார் இடம் என்பதே அதன் பலம். கோயில் குழு விரும்பினால் தானே எல்லை வகுக்கலாம். தரிசன நேரத்தில் பெரிய மண்டபம் பொது இடம் போன்றதுதான். செருப்பு வைக்கும் இடமும் வாகன நிறுத்தமும் அப்படியே. கருவறை, மடைப்பள்ளி, அர்ச்சகர் தங்கும் அறைகள், அலுவலகம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி நடக்கும் வகுப்பறைகள் ஆகியவை பொதுவழி அல்ல என்று எழுதி ஒட்டி, கதவைச் சாத்தி வைத்து, குழுத் தீர்மானமாகவும் பதிவு செய்துவிட்டால் அவை சட்டப்படி உட்பகுதி என்று வாதாட வலுவான அடிப்படை கிடைக்கும். யாராவது வந்தால் பேச ஒரே ஒருவரை நியமிக்க வேண்டும். அர்ச்சகரைப் பேசவிடக் கூடாது. அவர் மதப் பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் இருப்பார், பதறிப்போய் எல்லாக் கதவையும் திறந்துவிடுவார். இங்கே ஒரு எச்சரிக்கை: ஆர்-1 விசாவுக்கு மனுச் செய்த கோயில்களுக்கு, அர்ச்சகர் உண்மையிலேயே அங்கு பணிபுரிகிறாரா என்று பார்க்கக் குடிவரவுச் சேவைத் துறையின் ஆய்வாளர்கள் வருவது வழக்கம், 2008 விதிகளிலேயே அதற்கு இடம் உண்டு. அவர்கள் ஐஸ் அதிகாரிகள் அல்ல. அவர்களைத் திருப்பி அனுப்பினால் அர்ச்சகரின் விசா மனு நிராகரிக்கப்படலாம். வந்தவர் யார், எந்தத் துறை, எதற்கு வந்தார் என்பதை அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி வேறு மாநிலத்தில் வேலை தேடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாநில எல்லையைத் தாண்டினால் இந்தச் சட்டங்கள் கூட வராது. கொலராடோ 2025 மே மாதத்தில் கலிபோர்னியாவைப் போன்ற சட்டத்தை இயற்றியது. இல்லினாய் ஒருபடி மேலே போய், நீதிமன்றங்களைச் சுற்றி 1,000 அடிக்குள் குடிவரவுக் கைதையே தடைசெய்யும் சட்டத்தை 2025 டிசம்பரில் கொண்டுவந்தது. அது ஊழியரை விட்டு அதிகாரியையே நேரடியாகக் கட்டுப்படுத்த முயல்வதால், ஃபெடரல் அரசு அதே மாதம் வழக்குத் தொடுத்துவிட்டது. ஃபுளோரிடாவில் 2023 முதலும் டெக்சஸில் 2024 நவம்பர் முதலும் மருத்துவமனைகள் நோயாளியின் குடிவரவு நிலையைக் கேட்டுப் பதிவு செய்கின்றன. கேட்டாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்லாததற்காகச் சிகிச்சையை மறுக்கவும் முடியாது. டெக்சஸ் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நகரங்களும் காவல் துறையும் குடிவரவு அதிகாரிகளோடு ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று 2017இல் குடியரசுக் கட்சி ஆண்ட அந்த மாநிலம் கடுமையான சட்டம் இயற்றியபோதும், பள்ளி மாவட்டங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தாது என்று எழுதி வைத்தது. வழிபாட்டுத் தலத்தில் மட்டும் தன் காவலர்கள் உதவக் கூடாது என்று ஓர் ஊர் தடுக்கலாம் என்றும் இடம்விட்டது. இந்த மூன்று இடங்களும் வேறு என்ற உணர்வு கட்சி வேறுபாட்டைக் கடந்து இருந்திருக்கிறது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று அந்தச் சட்டப் பிரிவுகள்தான்.

யார் எங்கே எதிர்ப்பட்டாலும் நினைவில் வைக்க வேண்டியவை சில. ஓடக் கூடாது, பொய் சொல்லவோ போலி ஆவணம் காட்டவோ கூடாது, அதிகாரி பலவந்தமாக நுழைந்தால் உடலால் குறுக்கே நிற்கக் கூடாது, "நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொன்னால் போதும், பின்னர் நீதிமன்றத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஒருவரை ஒளித்து வைப்பது ஃபெடரல் குற்றமாகலாம். உட்பகுதிக் கதவைச் சாத்தி வைத்து, நீதிபதியின் ஆணையைக் கேட்பது ஒளித்து வைப்பது ஆகாது. பள்ளியோ கோயிலோ இந்த வேறுபாட்டைத் தங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக உங்கள் தம்பியின் நிலை. இதை இங்கே முழுதாகச் சொல்ல முடியாது, கோப்பைப் பார்த்த வழக்கறிஞர் ஒருவரே சொல்ல வேண்டும். ஆனால் அவர் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எந்தத் தேதிவரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் தன் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, அதில் உள்ள தேதியைப் பார்க்கட்டும். அறுபது நாள் கடந்ததால் விசா நிலை போயிருக்கலாம். ஆனால் ஐ-94 தேதி இன்னும் வராமல் இருந்தால், 'சட்டவிரோதத் தங்கல்' என்ற கணக்கு பொதுவாக இன்னும் தொடங்கியிராது. அந்தக் கணக்கு 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டைவிட்டுப் போனால் மூன்று ஆண்டுகளும், ஓர் ஆண்டை எட்டினால் பத்து ஆண்டுகளும் திரும்பி வர முடியாது. மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனி ஐ-94 உண்டு, தேதிகள் வேறாக இருக்கலாம், மூன்றையும் பார்க்க வேண்டும்.

வளைகாப்பை நடத்துங்கள். பொதுத் தரிசன நேரத்தில் பெரிய மண்டபத்தில் வைக்காமல், பக்கத்திலுள்ள சிறு மண்டபத்தை உங்கள் பெயரில் வாடகைக்கு எடுத்து, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதி ஒட்டுங்கள். அந்த மூன்று மணி நேரத்துக்கு அது உங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கிட்டத்தட்ட நிகரான தனியிடம். வாசலில் நின்று வந்தவர்களுக்குச் சந்தனமும் கற்கண்டும் கொடுக்கும் பொறுப்பைக் குடியுரிமை உள்ள, பதறாமல் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.